யாருக்குக் கணக்கு?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில், மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்காக இயங்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் வரவுசெலவு குறித்து அண்மையில் கேள்விகள் எழுந்துள்ளன. முதலில் நன்கொடையாளர் சிலர் கேட்டனர்; பின்னர் அங்கு முன்பு பணியாற்றியவர்கள் கேட்டனர்; இப்போது அப்பகுதியில் பலரும் கேட்கின்றனர். இயக்குநரின் ஊதியம் எவ்வளவு, வாகனம் யார் பெயரில் இருக்கிறது, கட்டட வாடகை யாருக்குப் போகிறது, ஊதியப் பட்டியலில் உறவினர்கள் எத்தனை பேர் என்பன அக்கேள்விகள். அந்நிறுவனத்தில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சனிக்கிழமைதோறும் நான் தன்னார்வலராக இருந்ததை அறிந்த நண்பர்கள், 'உனக்குத் தெரிந்திருக்குமே, உண்மை என்ன?' என்று கேட்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே பணம் தவறாகச் செலவானதா இல்லையா என்பதற்கு என்னிடம் சான்று ஏதும் இல்லை. கணக்கேடுகளைப் பார்க்கும் இடத்தில் நான் இருந்ததும் இல்லை. என்னிடம் இருப்பது அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நான் எழுதிய ஒரு வாக்கியமும், அதை எழுதும் முன் நான் குறிப்பெடுத்த ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.

அங்கு நான் சென்றதன் காரணம் தொண்டுள்ளம் என்று சொன்னால் அது பொய். முனைவர் பட்ட ஆய்வுக்கு எனக்குப் பேச்சுத் தெலுங்கு வேண்டியிருந்தது. பாடநூல் தெலுங்கு பேருந்திலும் கடைவீதியிலும் உதவவில்லை. குழந்தைகளை அழைத்து வரும் தாய்மார்கள் பயிற்சி முடியும் வரை வராந்தாவில் காத்திருப்பார்கள். அவர்களோடு பேசிப் பழகலாம் என்று ஒரு தோழி சொன்னாள். அதற்குக் கைம்மாறாக நிறுவனம் என்னிடம் கேட்டது ஓர் எளிய பணி: தெலுங்குப் பதிவேடுகளில் இருந்த விவரங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் ஆண்டறிக்கை எழுதித் தர வேண்டும்.

பதிவேட்டில் ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு 'லப்திதாருலு', தமிழில் நாம் 'பயனாளிகள்' என்போம். காதொலிக் கருவி பெற்ற 64 குழந்தைகளின் பெயர், வயது, பெற்றோர் பெயர், தொலைபேசி எண், கையொப்பம் அல்லது கைநாட்டு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு புகைப்படம் உண்டு. கருவிகளுக்குப் பணம் தந்த நிறுவனம் ஒன்று, பட்டியலோடு நான்கைந்து 'மகிழ்ச்சிக் கதைகள்' வேண்டும் என்று கேட்டிருந்தது. கதைகளுக்காக நான் பட்டியலில் இருந்த எண்களை அழைக்கத் தொடங்கினேன்.

பல எண்கள் கிடைக்கவில்லை. அதிலிருந்து எதையும் முடிவு கட்டக் கூடாது. வேலை தேடி ஊர்விட்டு ஊர் வரும் குடும்பங்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவை. 23 குடும்பங்களோடு பேச முடிந்தது. கருவி வந்ததா என்று கேட்டேன். எல்லோரும் 'வச்சிந்தி மேடம்' என்றார்கள், வந்தது. புகைப்படம் எடுத்தார்களா? எடுத்தார்கள். இப்போது குழந்தை அதை அணிகிறதா என்று கேட்டபோது பெரும்பாலோர் பேச்சு தயங்கியது.

காதொலிக் கருவி கண்ணாடியைப் போன்றதன்று. அணிந்தவுடன் வேலை செய்து, பின்னர் நம்மை மறக்கவிடும் பொருளாக அது இருப்பதில்லை. பொத்தான் அளவே உள்ள அதன் மின்கலம், குழந்தை நாள் முழுதும் அணிந்தால், ஓரிரு வாரங்களே வரும். காதின் அளவுக்கு வார்த்தெடுக்கும் அச்சு, குழந்தையின் காது வளர வளரத் தளர்ந்துபோகும். தளர்ந்த அச்சு வழியே ஒலி கசிந்து கருவி கீச்சிடும். குழந்தை அதைப் பிடுங்கி எறியும். கேட்கும் அளவைச் சோதித்து, கருவியின் ஒலி அமைப்பை அவ்வப்போது திருத்த வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, கேட்கும் ஒலியைச் சொல்லாக அடையாளம் காண மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். மொழியியல் படித்த எவருக்கும் தெரியும்: முதல் சில ஆண்டுகளில் ஏதேனும் ஒரு மொழி, பேச்சாகவோ சைகையாகவோ, குழந்தையை வந்தடைய வேண்டும். அந்தக் காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

ஒரு தாயை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். மகபூப்நகர் பக்கத்திலிருந்து வந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்பவர். நான் தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதிலாக, அடுத்த சனிக்கிழமை கருவியை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். ரேஷன் அட்டை, ஆதார் நகல், மாற்றுத்திறன் சான்றிதழ் ஆகியவற்றை வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையிலிருந்து அதை எடுத்தார். பிற சான்றிதழ்களோடு அதுவும் ஒரு சான்றிதழாகப் பத்திரமாக இருந்தது. மின்கலம் தீர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 'கூலியில் ஒரு நாள் போனால்தான் இங்கே வர முடியும், வந்தால் "திட்டம் முடிந்துவிட்டது" என்கிறார்கள்' என்றார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்: எந்த மாதம் கொடுத்தார்கள், எத்தனை மின்கலம் கொடுத்தார்கள், பயிற்சிக்கு எத்தனை முறை அழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவர் என்னைக் கேட்டார்: 'மீரு லெக்க அடுகுதுன்னாரு. மேமு எவரினி அடகாலி, மேடம்?' நீங்கள் கணக்குக் கேட்கிறீர்கள்; நாங்கள் யாரைக் கேட்பது?

அலுவலகத்தில் விசாரித்தேன். விடை நேர்மையாகவே கிடைத்தது. பணம் தந்த நிறுவனம் கருவிக்குத்தான் தந்தது. மின்கலத்துக்கும் அச்சுக்கும் தொடர்பயிற்சிக்கும் தரவில்லை. அந்த நிதியாண்டோடு அத்திட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு வேறொரு திட்டம். திருட்டு ஏதும் நான் அங்கே காணவில்லை. ரசீதுகள் இருந்தன, கையொப்பங்கள் இருந்தன, தணிக்கையாளர் ஒப்புதல் இருந்தது. அன்று மாலை நான் அறிக்கையில் எழுதினேன்: 'செவித்திறன் குறையுடைய 64 குழந்தைகளுக்குக் காதொலிக் கருவிகள் வழங்கப்பட்டன.' மகிழ்ச்சிக் கதைகளுக்கு, கருவியை அணிந்திருந்த குழந்தைகளின் வீடுகளிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுத்தேன். அறிக்கை அழகாக அச்சானது. எனக்குத் தன்னார்வலர் சான்றிதழ் கிடைத்தது. என் தெலுங்கும் நன்றாகவே வளர்ந்திருந்தது. அந்த மையத்தால் ஐயத்துக்கு இடமின்றிப் பயன்பெற்றவர்களுள் நான் ஒருத்தி.

அந்த வாக்கியத்தில் பிழை இல்லை என்பதுதான் என்னை உறுத்துவது. 'வழங்கப்பட்டன' என்பது செயப்பாட்டு வினை. வழங்கியவர் யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்து அது எழுதுபவரை விடுவிக்கிறது. 'குழந்தைகளுக்கு' என்ற நான்காம் வேற்றுமை உருபு, பெற்றவரைப் பெறும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. பெற்றபின் அவர் செய்த, செய்ய இயலாமற்போன எதற்கும் அவ்வாக்கியத்தில் இடமில்லை. 'பயனாளி' என்ற சொல்லையும் கவனியுங்கள். தொழிலாளி, முதலாளி, படைப்பாளி என்பவற்றில் உள்ள அதே 'ஆளி'. பயனை ஆள்பவர் என்று பொருள்கொள்ள இச்சொல் இடம் தருகிறது. நம் அறிக்கைகளிலோ அது வரிசையில் நின்று கைநாட்டு வைத்து, படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவரைக் குறிக்கிறது. கருவியின் பயனை அவர் ஆண்டாரா என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

இதைத் தனியொரு நிறுவனத்தின் குறையாகச் சொல்வது நியாயமாகாது. இந்நாட்டில் ஒரு மாற்றுத்திறனாளர் தொண்டு நிறுவனம் எத்தனை பேருக்குக் கணக்குக் கொடுக்கிறது என்று பார்ப்போம். தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு, ஏற்கப்பட்ட செலவில் 90 விழுக்காடு வரை மானியம் தருகிறது. அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் ஆய்வும், தணிக்கை செய்த கணக்கும், பயன்பாட்டுச் சான்றிதழும் வேண்டும். உதவிக் கருவிகளுக்கென 1981 முதல் நடைமுறையில் உள்ள ஒன்றிய அரசுத் திட்டத்திலும் அவ்வாறே. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ இலாபமோ உடைய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்த நிறுவனங்களுக்குத் தனி அறிக்கை. வெளிநாட்டு நன்கொடை பெற்றால் உள்துறை அமைச்சகத்துக்குக் கணக்கு; 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50 ஆக இருந்தது. வருமான வரி விலக்குக்கு வேறு தணிக்கைப் படிவம்.

இவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பொதுப்பணம் வாங்குபவர் எல்லா வாசலிலும் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த வாசல்கள் அனைத்தும் மேல்நோக்கியே இருக்கின்றன. பணம் கொடுத்தவருக்குக் கணக்கு உண்டு. யார் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கப்பட்டதோ அவருக்கு இல்லை. அவர் அந்தக் கணக்கில் ஓர் இணைப்பு ஆவணம். இப்போது நம் நகரில் எழுந்திருக்கும் கேள்விகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் செல்கின்றன. இயக்குநரின் ஊதியத்தைக் கேட்பவர்கள், சிறப்பாசிரியருக்கு எத்தனை மாதம் ஊதியம் நிலுவையில் இருந்தது என்று கேட்கவில்லை. வாகனம் யார் பெயரில் என்று கேட்பவர்கள், அது காலையில் எந்தத் தெருவரை வந்து குழந்தைகளை ஏற்றுகிறது என்று கேட்கவில்லை. வராந்தாவில் அமர்ந்திருக்கும் தாய்மார்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

இது போன்ற விசாரணைகள் எங்கே சென்று முடியும் என்பதற்கு நாடறிந்த ஒரு நிகழ்வு உண்டு. குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ஜாகிர் உசேன் 1897-இல் பிறந்தது இந்த ஐதராபாத்தில்தான். அவர் குடும்பத்தின் பூர்விகம் உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டம். அவர் பெயரிலான நினைவு அறக்கட்டளை ஒன்று, மாற்றுத்திறனாளர்களுக்கு உதவிக் கருவிகள் வழங்க 2009-10-இல் ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்திடமிருந்து ஏறத்தாழ 71 லட்சம் ரூபாய் பெற்றது. உத்தரப் பிரதேசத்தின் 17 மாவட்டங்களில் முகாம்கள் நடத்த வேண்டும். 2012 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சிப் புலனாய்வு, முகாம்கள் பல நடக்கவே இல்லை என்றும், நடந்ததாகக் காட்டும் ஆவணங்களில் அதிகாரிகளின் கையொப்பங்களும் முத்திரைகளும் போலி என்றும் குற்றம் சாட்டியது. அறக்கட்டளையை நடத்தியவர்கள் அப்போதைய சட்ட அமைச்சர் சல்மான் குர்ஷித்தும் அவர் மனைவி லூயிஸ் குர்ஷித்தும். இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். அரவிந்த் கெஜ்ரிவால் தலைமையில் தில்லியில் போராட்டம் நடந்தது. 2017-இல் வழக்குப் பதிவாயிற்று; 2019-இல் குற்றப்பத்திரிகை; 2024-இல் அமலாக்கத் துறை ஏறத்தாழ 46 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. குற்றம் நிகழ்ந்ததா என்பதை நீதிமன்றம் சொல்லும்.

என் நினைவில் தங்கியிருப்பது வேறொன்று. அந்த அக்டோபரில், கருவி கிடைத்தது என்று சொல்ல ஒரு தரப்பு ஓர் எளிய மனிதரை ஊடகங்களின் முன் நிறுத்தியது. பட்டியலில் பெயர் இருந்தும் கருவி கிடைக்கவில்லை என்று சொல்ல மறுதரப்பு இன்னொருவரை நிறுத்தியது. இருவரும் வெகு தொலைவிலிருந்து தலைநகருக்கு அழைத்து வரப்பட்டவர்கள். இருவரும் பேசியது, வேறொருவர் குற்றவாளியா நிரபராதியா என்று நிறுவுவதற்காக. கருவி பெற்றவருக்கு அது பொருந்தியதா, பெறாதவருக்கு அதன்பின் கிடைத்ததா என்ற கேள்விகள் அந்த அமளியில் எங்கும் இடம்பெறவில்லை. குற்றச்சாட்டு எழுந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அன்று ஐந்து வயதாக இருந்த ஒரு செவித்திறன் குறைந்த குழந்தை, மொழி வாய்க்க வேண்டிய பருவத்தைக் கடந்து, இன்று வாக்களிக்கும் வயதையும் கடந்திருக்கும்.

நாம் ஆய்வாளர்கள் என்பதால் மற்றொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் செஷயர் அறக்கட்டளை நடத்திய 'லெ கோர்ட்' என்ற இல்லத்தில் வாழ்ந்த மாற்றுத்திறனாளர்கள், இல்லத்தின் நிர்வாகத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று 1960-களில் போராடினார்கள். அவர்களுள் ஒருவர் பால் ஹன்ட். தங்கள் தரப்பை அறிவுலகம் புரிந்துகொள்ளும் என்று நம்பி, அவர்களே முயன்று டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஆய்வாளர்களை வரவழைத்தார்கள். 1972-இல் வெளிவந்த அந்த ஆய்வு நூல், இத்தகைய இல்லங்களுக்கு வருவோர் சமூக அளவில் இறந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள் என்றும், உடல் இறக்கும் வரையிலான இடைக்காலத்தைக் கடக்க உதவுவதே இல்லத்தின் பணி என்றும் வாதிட்டது. அதே ஆண்டில் ஹன்ட் 'கார்டியன்' நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு புதிய அமைப்பு உருவானது. இன்று நாம் வகுப்பறையில் கற்பிக்கும் 'சமூக மாதிரி'க் கோட்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. அந்த ஆய்வாளர்களைக் குறித்து ஹன்ட் எழுதிய விமர்சனம், அவர் மறைவுக்குப் பின் 1981-இல் வெளிவந்தது. 'ஒட்டுண்ணி மனிதர்களோடு கணக்குத் தீர்த்தல்' என்பது அதன் தலைப்பு. நிர்வாகத்தை அல்ல, ஆய்வாளர்களை அவர் அவ்வாறு அழைத்தார்.

அதைப் படித்தபோது என் நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. நம் துறையில், மொழித்தரவு தருபவரைத் 'தகவலாளி' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. பயனாளி, தகவலாளி. ஒருவரிடமிருந்து கையொப்பம் பெறுகிறோம். மற்றவரிடமிருந்து ஒலிப்பதிவும் ஒப்புதல் படிவமும் பெறுகிறோம். இரண்டு இடங்களிலும் அவர்கள் சொன்னது வேறொரு வாசலுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அந்தத் தாய் எனக்குச் சொன்ன விவரங்கள் இரண்டாண்டுகளாக என் மேசை இழுப்பறையில் இருந்தன. அவர் காதொலிக் கருவியைப் பத்திரப்படுத்தியதைப் போலவே நானும் அவற்றைப் பத்திரப்படுத்தியிருந்தேன்.

மாற்று வழி என்ன என்று கேட்பீர்கள். அதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். அரசுப் பணிகளின் செலவுக் கணக்கை, எவர் பெயரில் அது எழுதப்பட்டதோ அவர்கள் முன்னிலையிலேயே உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர்களின் பெயர்கள் கூலிப் பட்டியலில் இருந்தது ஊரார் வாயாலேயே வெளிப்பட்டது. தகவல் அறியும் உரிமைக்கான இயக்கம் அங்கிருந்து வளர்ந்து 2005-இல் சட்டமாயிற்று. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான சமூகத் தணிக்கையை ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2006-இல் தொடங்கியது. 2009-இல் இதற்கெனத் தனி அமைப்பையே ஐதராபாத்தில் நிறுவியது. தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து, வீடுவீடாகச் சென்று பட்டியலைச் சரிபார்த்து, பின்னர் மண்டல அளவில் பொது மன்றத்தில் அதைப் படிப்பது அதன் முறை. கண்டறியப்பட்ட முறைகேட்டுத் தொகையில் திரும்பக் கிடைத்தது சிறு பங்கே என்ற குறை உண்மைதான். எனினும் கணக்கு முதன்முறையாகக் கீழ்நோக்கிப் படிக்கப்பட்டது. இன்றும் ராஜேந்திரநகரில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்தில் சமூகத் தணிக்கைக்கான பயிற்சி நடக்கிறது. நம் பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு.

மாற்றுத்திறனாளர் உரிமைகள் சட்டம், 2016, தன் 48-ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளர் தொடர்பான பொதுத் திட்டங்களுக்குச் சமூகத் தணிக்கை செய்ய அரசைக் கடமைப்படுத்துகிறது. அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. கணிசம் என்பது பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதில்லை, சலுகை விலையில் தந்த நிலமும் கணக்கில் சேரலாம் என்றது. ஆக, சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியில் வராந்தாவில் இருப்பவர்களோடு சேர்ந்து நடக்கத்தான் ஆள் இல்லை. அப்படி ஒரு தணிக்கை நடக்குமானால் அது கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். கடைசியாக மின்கலம் மாற்றியது எப்போது? அச்சு எத்தனை முறை வார்த்தார்கள்? பயிற்சிக்கு வரும் நாளில் உங்கள் கூலி இழப்பு எவ்வளவு? இவற்றைப் பேச இயலாதவரும் கேட்க இயலாதவரும் பங்கேற்கும் வகையில் சைகைமொழி பெயர்ப்பாளரோடு நடத்த வேண்டியிருக்கும். ரசீதுகளைச் சரிபார்ப்பதைவிட இது கடினம்.

கடந்த வாரம் அந்தத் தாயை மீண்டும் சந்தித்தேன். பையனுக்கு இப்போது எட்டு வயது. இங்கு நடக்கும் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: 'சென்டர் மூசேஸ்தாரா, மேடம்?' மையத்தை மூடிவிடுவார்களா? மின்கலம் தராத மையம்தான். ஆனால் வாரத்தில் மூன்று நாள் அவர் மகன் தன்னைப் போன்ற பிற குழந்தைகளோடு கைகளால் பேசி விளையாடும் ஒரே இடமும் அதுதான். 'கேட்க வேண்டியதைக் கேளுங்கள் அக்கா, நானும் கூட இருக்கிறேன்' என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டாண்டுக்கு முன்பும் நான் நோட்டோடு அருகிலேயே இருந்தவள்தானே.

ஆகவே இரண்டு தரப்பு நண்பர்களிடமும் எனக்குச் சொல்ல உள்ளது. நிறுவனத்தைக் காக்க விரும்புவோரே, 'நல்ல பணி செய்பவர்களைச் சந்தேகிக்காதீர்கள்' என்று சொல்லாதீர்கள். கேள்விக்கு அப்பாற்பட்ட நற்பணி எதுவும் இல்லை. கேள்வி எழுப்புவோரே, நன்கொடையை நிறுத்தச் சொல்லும் முன் அந்த வராந்தாவில் ஒரு சனிக்கிழமை அமருங்கள். பூட்டுப் போடுவதில் முடியும் விசாரணை, யார் பெயரில் தொடங்கியதோ அவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தும்.

நான் செய்தது இவ்வளவே. பேசிய குடும்பங்களிடம் மீண்டும் அனுமதி கேட்டு, ஒப்புக்கொண்டோரின் குறிப்புகளை மட்டும், பெயர் நீக்கி, நிர்வாகக் குழுவுக்கும் கேள்வி எழுப்பிய நன்கொடையாளர்களுக்கும் ஒரே கடிதமாக அனுப்பியிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, கருவிப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் தெலுங்கிலும் உருதுவிலும் உரக்கப் படிக்க வேண்டும், சைகைமொழி பெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. ஆண்டறிக்கை எழுதித் தரும் மாணவ நண்பர்கள் இப்பதிவை வாசிப்பீர்களானால், செயப்பாட்டு வினை வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, எழுவாய் எங்கே என்று தேடுங்கள்.

என் வாக்கியத்தைத் திருத்தி எழுதுகிறேன்:

நிறுவனம் 64 குழந்தைகளின் பெயரில் காதொலிக் கருவிகளை வாங்கியது. நான் 23 குடும்பங்களோடு பேசினேன். கருவி வந்தது என்று 23 குடும்பங்களும் சொன்னார்கள். நாங்கள் பேசிய நாளில் தங்கள் குழந்தை கருவியை அணிந்திருந்ததாக 9 குடும்பங்கள் சொன்னார்கள். மற்ற 41 குழந்தைகளைப் பற்றி நான் எதுவும் அறியேன். நான் தேடிச் செல்லவில்லை.